கை நனைக்கப் போன நாள்

என் அம்மா என்னை அறைந்தால் ஐந்து விரலும் கன்னத்தில் எழும்பி நிற்கும். சிவப்பதைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும்தான் சிவக்கும். எனக்கு விரல் விரலாகத் தடித்து, தொட்டுப் பார்த்தால் மேடு தெரியும்படி முக்கால் மணி நேரம் அப்படியே நிற்கும். சின்ன வயதில் என் தங்கை என் முதுகில் நகத்தால் பூ, மீன், பெருக்கல் கணக்கு என்று எதையாவது கீறிவிட்டு, அது எழும்பி வருவதைச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். அரிக்கும்தான். ஆனால் அவள் சிரிப்பது எனக்குப் பிடிக்கும் என்பதால் முதுகைக் கொடுத்துவிட்டுக் கிடப்பேன்.

இருபது வயது வரைக்கும் அது விளையாட்டு. அதற்கப்புறம் ஒருநாள் மதியம் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவள் குழாயடியிலேயே சரிந்தேன். உதடு வீங்கி மூக்கைத் தொட்டது. யாரோ தொண்டைக்குள் கையை விட்டு முறுக்கினார்கள். முந்தின நாள்தான் வேலைக்குப் போவேன் என்று அம்மாவோடு மல்லுக்கு நின்றிருந்தேன். அதனால் நான் நடிக்கிறேன் என்று நினைத்து என் முதுகில் இரண்டு வைத்தாள். மூச்சுக்குப் பதில் விசில் சத்தம் வந்த பிறகுதான் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

கத்தரிக்காயை நிறுத்தினோம். அடுத்த மாதம் தயிர்ச்சோற்றுக்கு வந்தது. அதற்கடுத்து ஒன்றுமே தின்னாமல் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றதற்கு வந்தது. ஊதுபத்திக்கு வரும், புதுப் பெயிண்டுக்கு வரும், தோல் பதனிடுகிற ஷாப் பக்கமிருந்து காற்று திரும்பினால் வரும், கோபப்பட்டாலும் வரும். கோபப்படாதே என்று என்னிடம் சொல்வது கோழியிடம் கிளறாதே என்று சொல்வது மாதிரி. நேற்று ஒத்துக்கொண்டது இன்று கொல்ல வரும், இன்று கொல்ல வந்தது நாளைக்குச் சும்மா கிடக்கும். இவன்தான் எதிரி என்று ஒருத்தனைக் காட்டினால் வெட்டிப்போட்டுவிட்டு ஜெயிலுக்காவது போயிருப்பேன். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

தெருவில் காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி எப்போதோ கடித்த விஷம் உடம்பில் தங்கிவிட்டதாம். கம்பளியால் தேய்த்தால் இறங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா தேய்த்தாள். தொட்டாலே தடிக்கிற தோலைக் கம்பளியால் தேய்த்தால் என்ன ஆகும்? தோளிலிருந்து முழங்கை வரை உரிந்து ரத்தம் கசிந்தது. தாங்காமல் அவளைப் பிடித்துத் தள்ளினேன். கதவு நிலையில் மோதி அவள் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "என்னையக் கொல்லுடி, ஆனா இதத் தேச்சு முடிச்ச பெறகு கொல்லு" என்று மறுபடி கம்பளியை எடுத்தாள். எங்கள் வீட்டில் பாசம் இப்படித்தான் வெளியே வரும்.

அதற்கும் இறங்கவில்லை என்று வத்தலக்குண்டுப் பக்கம் ஒருவரிடம் கூட்டிப் போனாள். அவர் வேப்பங்கொப்பால் அடித்து விஷம் இறக்குகிறவர். அடித்த இடமெல்லாம் கொப்பு, காம்பு, இலை என்று அச்சு அசலாகத் தடித்தது. "பாத்தியா, விஷம் மேல வருது" என்று அவர் இன்னும் ஓங்கினார். மூன்றாவது அடியில் கொப்பைப் பிடுங்கி அவருக்கே ஒன்று கொடுத்தேன். இனிமேல் இவளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டாக்டர்களும் பார்த்தார்கள். ஒருவர் எதற்கு அலர்ஜி என்று கண்டுபிடிக்க என் கையில் வரிசையாக நாற்பது இடத்தில் குத்தினார். நாற்பதும் வீங்கின. அதில் ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் உப்புத் தண்ணீர் வைத்துக் குத்தியது. அதுவும் வீங்கியதைப் பார்த்து, இந்தச் சோதனை உங்களுக்குப் பிரயோஜனப்படாது என்று கையைத் துடைத்துவிட்டார். இன்னொருவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, மனசுதான் என்றார். மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையை அவர்மேல் எறியலாமா என்று நினைத்தேன். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா, இதற்கு இன்னும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியவில்லை, ஆனால் பொய் இல்லை, உங்கள் உடம்பு திருடன் வராமலே ஊரைக் கூட்டுகிறது என்றார். அன்றைக்கு அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பொய் இல்லை என்று ஒருவர் சொல்வதற்கு எனக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது.

அவர்தான் தொண்டை அடைத்தால் போட வேண்டிய ஊசியைத் தந்தார். கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, மருந்தை உறிஞ்சி, தொடையில் நேராக இறக்க வேண்டும். எனக்குக் கை நடுங்கும் என்பதால் தங்கை கற்றுக்கொண்டாள். கொய்யாப்பழத்தில் குத்திக் குத்திப் பழகினாள். அந்த வாரம் முழுக்க வீட்டில் கொய்யாப்பழத்தை யாரும் தொடவில்லை. அதற்குப் பிறகு நான்கு முறை அவள் கையால் பிழைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த இரண்டு வரனும் என் வீங்கிய முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயின. முப்பது தாண்டியதும் நானே போதும் என்றுவிட்டேன். தங்கைக்குச் சின்னாளப்பட்டியிலிருந்து ஒரு இடம் வந்தபோது அம்மா எனக்கும் மாமாவுக்கும் ஒரே உத்தரவு போட்டாள். மாமா அவளுடைய தம்பி. அப்பா இறந்தபின் எங்களுக்கு ஆம்பளை என்று நிற்பவர். பேச்சு வருவதற்கு முன்னால் அவருக்குக் கை வந்துவிடும். "மூத்தவளுக்கு நோய்னு தெரிஞ்சா எளையவளுக்கும் வரும்னு ஓடிருவாக. ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது" என்றாள். பையன் செல்போன் கடை வைத்திருந்தான். பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து தங்கையும் அவனும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். போனை வைத்த பிறகும் அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் நிற்கும். அதைக் கெடுக்கக்கூடாது என்று எனக்கும் இருந்தது.

அடுத்தது நாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில் தண்ணீர் தவிர எதையும் தொட மாட்டோம். எல்லாம் பேசி மனதுக்குப் பிடித்த பிறகுதான் இலையில் உட்காருவது. கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. வந்தவர்களில் ஒருத்தர் இலையில் கை வைக்காமல் எழுந்தாலும் பெண் வீட்டுக்கு மனமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் வெட்டுக்குத்து வரை போன குடும்பங்கள் உண்டு. மூத்தவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும், வந்தால் சாப்பிட்டாக வேண்டும். "ரெண்டே வாய்டி. உனக்கு எல்லா நாளுமா வருது?" என்றாள் அம்மா. கிளம்பும்போது என் பையிலிருந்த ஊசி டப்பாவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். யார் கண்ணிலாவது பட்டுவிடுமாம். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கல்யாணப் பெண் வரக்கூடாது என்பதால் தங்கை வீட்டில் இருந்தாள்.

அந்த வீட்டில் நல்லபடியாகப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்புக்கு ஒத்துக்காதது எதுவும் இருந்தாச் சொல்லு தாயி, கூச்சப்படாத" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. கல்லத் தின்னாலும் செரிக்கும் இவளுக்கு." அந்த அம்மா என்னை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

இலை போட்டார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு, எலும்பு வறுவல், முட்டை. மாமா ஒரு வெட்டு வெட்டிக்கொண்டிருந்தார். எதிரில் நின்று பரிமாறிய மாப்பிள்ளையின் அப்பா, "என்னத்தா, கறி வெஞ்சனத்தத் தொடவே இல்ல" என்றார். பேச்சு நின்று எல்லோரும் என் இலையைப் பார்த்தார்கள். அம்மா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். நான் கறியோடு சேர்த்துப் பிசைந்து இரண்டு வாய் தின்றேன். மூன்றாவது வாயும் தின்றேன். அவர் சிரித்தார்.

முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது சூடேறியது. பிறகு நாக்கு பெருத்து வாய்க்குள் இடமில்லாமல் போனது. நான் எழுந்திருக்கப் பார்த்து இலையோடு சேர்த்து விழுந்தேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு நோய் என்று தெரியுமே தவிர, ஊதிப் போன முகத்தையும் நீலம் பாய்ந்த உதட்டையும் அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. "சோத்துல என்னத்தடா வச்சிய?" என்று பித்தளைச் சொம்பை எடுத்து மாப்பிள்ளையின் அப்பா வாயில் அடித்தார். அவர் குனிந்து துப்பியபோது என் இலைப் பக்கத்தில் ஒரு பல் விழுந்தது. அந்த வீட்டு ஆள் ஒருவன் பிளாஸ்டிக் சேரைத் தூக்கி மாமா தலையில் போட்டான். சேர் உடைந்தது. உடைந்த காலைப் பிடுங்கி மாமா கண்மண் தெரியாமல் வீசினார். குழம்புச் சட்டி கவிழ்ந்து ஒருவன் முழங்காலுக்குக் கீழே வெந்தது. தரை முழுக்கக் குழம்பும் ரத்தமும் சோறும், அதில் வழுக்கி வழுக்கி அடித்துக்கொண்டார்கள்.

நான் தரையில் கிடந்தபடி அம்மாவைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. மகளுக்கு நோய் இருக்கிறது என்று அவள் சொன்னால் அத்தனை கையும் நின்றுவிடும். என்னால் பேச முடியாது, அவளால் முடியும். அவள் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய அடியை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நாக்கு இருந்திருந்தாலும் அன்றைக்கு நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

என்னைத் தூக்கியது மாப்பிள்ளை. தன் அப்பா அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டே அவரைத் தாண்டி வந்து தூக்கினான். அவன் வண்டியை ஓட்ட, பின்னால் அவன் அம்மா என்னை நடுவில் வைத்து நெருக்கிப் பிடித்துக்கொண்டார். என் காதோரம் அவர் வாய் புலம்பிக்கொண்டே வந்தது. "உனக்குன்னு வெறுஞ்சோறும் உப்புப் போட்ட பாசிப்பருப்பும் தனியா வச்சிருந்தேனே தாயி. உன் தங்கச்சி என் மகன்ட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. அவுகப்பாவுக்குக்கூடத் தெரியாது. நாங்களாச் சொன்னா உங்களுக்கு அசிங்கம், நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாகளே, கொணாந்து வச்சா உங்கம்மாவப் பொய்யாக்குன மாதிரி ஆயிருமேன்னு அடுப்படியிலயே நின்னுட்டேன்." ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவன் உள்ளே ஓடி அந்த ஊசி மருந்தின் பெயரைச் சரியாகச் சொன்னான். அதையும் தங்கைதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மாமா தலையில் ஏழு தையலோடு வாசலில் படுத்திருந்தார். தங்கையின் ஜாதகமும் போட்டோவும் தரகர் கையில் எனக்கு முன்பே திரும்பி வந்து சேர்ந்திருந்தன. பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் சம்மதம்தான். ஆனால் அந்த மனுஷன், என் பல்லை உடைத்த வீட்டு வாசலை என் மகன் மிதித்தால் என்னைப் பிணமாகத்தான் பார்ப்பான் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பல் போனவர் வேறென்ன சொல்வார்?

தங்கை அடுப்படியிலிருந்து வந்து என் எதிரே நின்றாள். மூன்று நாளாக அம்மாவோடு அவள் பேசவில்லை என்று மாமா சொல்லியிருந்தார். "என்னாலதான்டி எல்லாம்" என்று ஆரம்பித்தேன். ஓங்கி ஒரு அறை விட்டாள். என் வாழ்நாளில் அவள் என்னை அடித்தது அதுதான் முதல்.

"நீ ஏன் தின்ன?" என்றாள்.

"உனக்காகத்தான்டி."

"எனக்காகன்னு இன்னொரு வாட்டி சொன்னா உன் பல்லையும் ஒடச்சுருவேன். பூ வச்ச அன்னைக்கே அவர்ட்ட சொல்லிட்டேன். உன்னைய மறச்சு வச்சுட்டு எனக்கு என்ன கல்யாணம்?"

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி."

"சொன்னா இந்தம்மா அன்னைக்கே என்னையக் கொன்னு போட்டுருக்கும்" என்றாள். என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கண் என் கன்னத்தில் இருந்தது. எனக்கே தெரிந்தது, கன்னம் எரிந்து மேடு எழும்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார், இன்னும் சில நாளைக்கு உடம்பு உஷாராகவே இருக்கும், சின்னத் தடிப்பு வந்தாலும் அசட்டையாக விடாதீர்கள் என்று.

அவள் பீரோவைத் திறந்து ஊசி டப்பாவை எடுத்து வந்தாள். குப்பியை ஒரு கையிலும் ஊசியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள், நீட்டினேன். மூச்சை இழுக்கச் சொன்னாள், இழுத்தேன். பிறகு அவள் என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டைவிரல் குப்பியின் கழுத்திலேயே இருந்தது.

அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும். அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எறங்கிருச்சா?" என்று கேட்டாள்.

தங்கை திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னாள்.

"நாலு வெரலு எறங்கிருச்சு. சுண்டுவெரலு இன்னும் நிக்குது."