மூன்றாம் ஓலை

எங்கள் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். பூசை நடுவில் சாமியார் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஊரோடு சேர்த்துச் சொல்லி, "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடவார்கள்" என்று முடிப்பார். யாரும் அறிவிக்க மாட்டார்கள். அப்படி ஏதாவது இருந்தால், பூசை முடிந்தபின் சாமியார் பங்களாவுக்குப் பின்வாசல் வழியாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கம். கோள் சொல்வதற்கும் ஒரு மரியாதை உண்டல்லவா. பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். என்னைக் கட்டிக்கொள்ள வந்தவருக்குத் தெரியவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. கோடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில், விடுதிப் பிள்ளைகளின் கம்பளிகளையும் காலுறைகளையும் தைத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பிள்ளைகள் எப்படித்தான் கிழிப்பார்களோ, வாரத்துக்கு ஒரு கூடை வரும். தையல் அறையை ஒட்டிக் குளியலறை பாய்லர். அதற்கு விறகு வெட்டித் தீ மூட்டுகிறவர் அவர். மழைக்காலத்தில் கம்பளி லேசில் காயாது என்பதால், பாய்லர் அறையில் கொடி கட்டித் தொங்கவிடுவேன். ஒரு நாள் நான் போவதற்குள் கொடி கட்டியிருந்தது. மறுநாள் காய்ந்த கம்பளிகளை மடித்தும் வைத்திருந்தார். மடிப்பு படுமோசம். எல்லாவற்றையும் உதறி மறுபடி மடித்தேன். ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த மோசமான மடிப்பில்தான்.

அவருக்குப் பேச்சு குறைவு. பாலசமுத்திரம் பக்கம், சொந்தபந்தம் யாரும் இல்லை என்பார். அதற்கு மேல் கேட்டால், "அடுப்புல சோலி கெடக்கு" என்று எழுந்து போய்விடுவார். நானும் துருவவில்லை. கன்னியர் மடத்தில் அநாதையாக வளர்ந்தவள் நான். இன்னொருவர் தனக்கு யாரும் இல்லை என்று சொன்னால், அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என்னைக் கட்டுவதற்காக ஆறு மாதம் ஞானோபதேசம் படித்து, ஞானஸ்நானம் வாங்கினார். புதுப் பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த நிம்மதி என்னால் வந்தது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கர்வம்தான்.

மூன்றாம் ஓலையன்று, "அறிவிக்கக் கடவார்கள்" என்று சாமியார் முடித்ததும் ஆண்கள் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. முக்காட்டை விலக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையே எழுந்து நிற்கிறார்.

"எனக்குத் தெரியுஞ் சாமி," என்றார்.

அவருக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த உபதேசியார் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏலே, உக்காருலே! இது பதில் சொல்றதுக்குக் கேக்குறதில்லலே!"

"கேட்டாச் சொல்லணுமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, கோவில் முழுக்கப் பார்த்திருக்க அவர் சொன்னார். ஊரில் வாய்க்கால் தண்ணீர் முறையில் சண்டை. பொழுது சாயும் நேரம், ஒருவரைப் பின்னாலிருந்து மண்வெட்டியால் அடித்துவிட்டார். அந்த மனிதரின் முழங்கால் நொறுங்கிப்போனது. அடித்தது யார் என்று அவர் பார்க்கவில்லை. பக்கத்து வயலில் மண்வெட்டியோடு நின்றிருந்த பண்ணையாளைப் போலீஸ் கொண்டுபோனது. ஒரு பாவமும் அறியாத அந்த ஆள் இரண்டு வருஷம் ஜெயிலில் கிடந்தார். இவர் அன்றைக்கே காட்டுப்பாதையில் மலையேறி, பள்ளங்கி வழியாக இங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

"தலையில தண்ணி ஊத்துனா எல்லாம் போயிரும்னு நெனச்சேஞ் சாமி. போகலீங்க."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாய்லர் அறையில் எத்தனை சாயங்காலம் பக்கத்தில் நின்றிருக்கிறேன்! என்னிடம் சொல்ல வாய் வராதவருக்கு ஊரைக் கூட்டி வைத்துச் சொல்ல வந்துவிட்டதே.

பூசை முடிந்து சாமியார் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "கல்யாணத்துக்கு இது தடையில்லப்பா. புதன்கிழமையே தாலி கட்டலாம். ஆனா கீழ ஒருத்தன் பேரு கெட்டுக் கெடக்கு. அத நீதான் யோசிக்கணும்" என்றார்.

நான் அவரைப் போகச் சொன்னதாக எழுதிக்கொள்ள ஆசைதான். சொல்லவில்லை. போக வேண்டாம் என்றுதான் மல்லுக்கட்டினேன்.

"அந்த ஆளு உள்ள இருந்துட்டு வந்தாச்சு. ஒடஞ்ச காலும் ஒட்டப்போறதில்ல. இப்ப நீங்க போயி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அவரு பொண்டாட்டி தண்ணிக்குப் போனாக்கூட ஜெயிலுக்காரன் பொண்டாட்டின்னுதான் சொல்றாங்களாம். ஊர்ப்பக்கத்து ஆளு ஒருத்தரு சந்தையில சொன்னாரு. அந்தப் பேரு ஒனக்கு வரவேண்டியது."

"அப்ப நான்?" என்றேன்.

திங்கட்கிழமை வெள்ளனே இறங்கிப் போய்விட்டார்.

போலீஸில் தானே போய் ஒப்புக்கொண்டவருக்கு ஒன்றரை வருஷம் தண்டனை. கொடியை நானே கட்டினேன். பரிதாபப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டவர்களைவிட, மூஞ்சிக்கு நேரே சிரித்தவர்கள் தேவலை என்று இருந்தது. வேறு வரன் கொண்டுவந்த மடத்துச் சிஸ்டரிடம் எரிந்து விழுந்தேன். அவர்மேல் இருந்த கோபம் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. காரணம் அவர் இல்லை. காலுறை தைக்கும்போதெல்லாம், குடத்தோடு நடக்கும் முகம் தெரியாத ஒரு பெண் என் நினைப்பில் வந்து நின்றாள். இப்போது அவளை ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று யோசிப்பேன்.

திரும்பி வந்தபோது அவர் பாதியாக இளைத்திருந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "ஒங்களுக்காக உள்ள இருந்த அந்த ஆளப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கால்ல விழுந்தேன். அவரு பாட்டுக்குக் கரும்புக்கு மண்ணு அணைச்சுக்கிட்டே இருந்தாரு. கல்யாணம், மூணு ஞாயிறு ஓல வாசிச்சுத் தடை இருக்கான்னு சாமி கேப்பாருன்னு சொன்னேன். அதுக்கும் ஒண்ணும் பேசல."

பழைய ஓலை செல்லாது, முதலிலிருந்து மறுபடி வாசிக்க வேண்டும் என்றார் சாமியார். இந்த மூன்றாம் ஓலைக்குக் கோவில் நிரம்பி வழிந்தது. திருநாளுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வெள்ளனே வந்து இடம்பிடித்திருந்தார்கள். சாமியார் "அறிவிக்கக் கடவார்கள்" என்றதும், எல்லாத் தலையும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் மூச்சை விடப்போன நேரம், வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, எங்களுக்கு ஒரு தடையும் இல்லீங்க."

காதைச் சுற்றித் துண்டு கட்டிய ஒருவர் சுவரோரம் நின்றிருந்தார். வெறுங்கால், முழங்கால் வரை சேறு. பக்கத்தில் குளிரில் நடுங்கியபடி ஒரு பெண். முந்தின நாளே கிளம்பி, இவர் ஓடிவந்த அதே காட்டுப்பாதையில் நடந்தே ஏறி வந்திருக்கிறார்கள். சாமியார் கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்றுதான் அவரும் நினைத்திருக்கிறார். உபதேசியார் பாதி எழுந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, சத்தமாகவே அழுதார்.

அந்தப் பெண் மட்டும் தயங்கித் தயங்கிப் பெண்கள் பக்கம் வந்து, "பொண்ணு யாருங்க?" என்று கேட்டாள்.

நான் நகர்ந்து, என் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டேன்.