நாலு டேக்கிள்

கால்பந்து ரசிகர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. நானும் அதில் ஒருவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே குமட்டுகிறது. ஆரணியில் எங்கள் கூட்டம் கூடுவது என் கடையில்தான். மாடியில் ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., ஐந்தாறு பிளாஸ்டிக் நாற்காலி. பட்டுச் சேலைக்குத் தறியில் ஏற்றும் ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். நெய்து முடித்த சேலையை வீடியோ எடுத்து, வேண்டாததை வெட்டி, பாட்டுப் போட்டு, வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பும்படி செய்து கொடுப்பதும் நான்தான். ஏ.சி. மட்டும் இல்லாவிட்டால் ஒருத்தனும் மாடி ஏற மாட்டான் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், கடைவீதி கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரத்தில் வருவார்கள். தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜரிகைக் கடைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை, ஆனால் வெளிநாட்டுக் கிளப் ஒன்றின் பனியனை வாரத்தில் மூன்று நாள் போட்டுக்கொள்வார். தொப்பை அதிலுள்ள கிளப் சின்னத்தை இழுத்து அகலமாக்கியிருக்கும். இன்னொருவன் மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் இளைஞன். அவன் வாயைத் திறந்தால் எண்கள்தான் வரும். யார் எத்தனை கிலோமீட்டர் ஓடினான், எத்தனை பாஸ் கொடுத்தான் என்று போனைப் பார்த்துப் படிப்பான். மேட்ச் பார்த்தாயா என்று கேட்டால் ஹைலைட்ஸ் பார்த்தேன் என்பான்.

இவர்களுக்குப் பிடித்த சொல் பொடென்ஷியல், அதாவது இனிமேல் பெரிய ஆளாக வரக்கூடிய திறமை. ஜரிகைக் கடைக்காரரின் கிளப்பில் பதினெட்டு வயதில் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், நடுக்களத்தில் நின்று எதிராளியின் ஆட்டத்தைத் தடுக்கிறவன், புதிதாக வந்தபோது, அவனுக்குப் பொடென்ஷியல் இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாதம் பேசினார்கள். பெற்ற தாய்கூட அவனைப் பற்றி அத்தனை கவலைப்பட்டிருக்க மாட்டாள். முதல் வாரம் அவன் உலகத்திலேயே சிறந்தவன். ஒரு மேட்சில் பந்தை விட்டதும் அவனைத் தூக்கிக் குப்பையில் போடு என்றார்கள். நானும் பேசினேன். குப்பையில் போடச் சொன்னவர்களில் நானும் உண்டு.

எங்கள் ஊர் டீமிலேயே அதே இடத்தில் ஆடும் ஒரு பையன் இருந்தான். சேவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், நயினார் வீடு. அந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்ச் சமணர்களை எங்கள் பக்கம் நயினார் என்றுதான் சொல்வோம். காலேஜில் முதல் வருஷம். காலையில் அப்பாவோடு கழனிக்குப் போய்விட்டு, சாயங்காலம் சைக்கிளில் ஸ்கூல் கிரவுண்டுக்கு வருவான். அதிகம் பேச மாட்டான். கோல் அடித்தவனைத் தூக்கிச் சுற்றும்போது இவன் தன் இடத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருப்பான்.

அவன் ஒரு நாள் என் கடைக்கு வந்தான். சென்னையில் ஒரு கிளப், பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பையன்களை எடுத்து, ஹாஸ்டலில் தங்க வைத்து, படிக்கவும் வைக்கிறதாம். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் நேரில் ஆடிக் காட்டக் கூப்பிடுவார்கள்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்ணா. இதான் கடைசி. நீங்க சேலைக்கெல்லாம் வீடியோ போடறீங்களே, ஒரு மேட்ச் எடுத்துக் குடுக்க முடியுங்களாண்ணா?"

எடுத்துத் தருகிறேன் என்றேன். அதைச் செய்யத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருத்தன்தான் என்கிற பெருமை எனக்கு. அன்று மதியமே மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். அப்போது ஆரம்பித்தது.

"அந்தப் பையனா," என்றார் ஜரிகைக் கடைக்காரர். "நயினார் வூட்டுப் பையன்பா. முட்டைகூடத் துன்னாது. பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்ட முடிச்சிட்டுப் படுத்துடுவாங்க. டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்னா எருமை மாதிரி இருக்க வேணாமா?"

"புரோட்டீன் பத்தாதுண்ணா," என்றான் மெடிக்கல் ஷாப். "அந்த இடத்துல ஆடறவனுக்கு ஒரு மேட்சுக்கு மூணு டேக்கிளாவது இருக்கணும். இவன் பண்ணி நான் பாத்ததே இல்ல." எதிராளியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பறிப்பதற்குத்தான் டேக்கிள் என்று பேர்.

"எறும்புக்கு வழி வுட்டு நடக்கற ஜனம் அது. எதிராளி கால்ல எங்க போயி வுழுவான்," என்றார் ஜரிகைக் கடைக்காரர்.

சிரித்தோம். நான் நன்றாகவே சிரித்தேன். அந்தப் பையன் ஒவ்வொரு நாளும் சேவூருக்கு அப்பாலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, திரும்பவும் மிதித்துப் போகிறவன். நாங்கள் மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவர்கள். அவன் தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்து அவன் ஆட்டத்தை எடை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் என் வாயையே கழுவ வேண்டும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போளூர்ப் பக்கத்து டீமோடு மேட்ச். ஸ்கூல் மொட்டை மாடியில் ஸ்டாண்டு போட்டு, போனை நிறுத்தி, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எடுத்தேன். அதுவரை நான் எங்கள் டீமைத் தரையிலிருந்துதான் பார்த்திருந்தேன். தரையிலிருந்து பார்த்தால் அவன் சும்மா உலாத்துவது போலத்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எதிராளி பந்தை வாங்கித் தலையை நிமிர்த்துகிறான். பாஸ் போக வேண்டிய வழியில் இவன் முன்கூட்டியே நிற்கிறான். எதிராளி வேறு பக்கம் பார்க்கிறான். இவன் இரண்டு எட்டு நகர்கிறான், அந்த வழியும் அடைந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் பந்தைப் பின்னாடியே தள்ளிவிடுகிறார்கள். முதல் பாதி முழுக்க இதுதான் நடந்தது. எங்கள் கோல்கீப்பருக்கு வேலையே இல்லை.

இரண்டாவது பாதியில் பக்கத்தில் ஆடியவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. மாற்று ஆள் இல்லை. இரண்டு பேர் காக்க வேண்டிய இடத்தை இவன் ஒருத்தனே காத்தான். களைத்துப் போய், நாலு முறை தாமதமாக வந்து, சறுக்கி விழுந்து பந்தை எடுத்தான். நாலாவதில் எதிராளியும் சேர்ந்து உருண்டான். எச்சரிக்கையாக எல்லோ கார்டு கிடைத்தது. மேட்ச்சில் ஜெயித்தோம்.

மறுநாள் மதியம் வீடியோவை வெட்ட உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று கிளப்பில் சொல்லியிருந்தார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்றுகொண்டார்கள். முதல் பாதியில் அவன் வழியை அடைக்கிற இடங்களை நான் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஆகிவிடக் கூடாது.

"இது இன்னாத்துக்குபா? சும்மா நின்னுகினு இருக்கான்," என்றார் ஜரிகைக் கடைக்காரர்.

"இல்ல, பாஸ் போவாம தடுக்கறான்."

"யாருக்குத் தெரியும் அது? மெட்ராஸ்ல பாக்கறவனுக்குத் தெரியுமா? நயினார் பையன் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிடுவான். ஜல்தியா அந்த டேக்கிளுக்கு வா."

நான் அவர் சொன்னதைக் கேட்டேன். கேட்டதற்குக் காரணம் அவர் மட்டும் இல்லை, என் தொழில் புத்தியும்தான். சேலை வீடியோவில் நாங்கள் காட்டுவது முந்தியையும் பார்டரையும்தான். சேலையின் உடல் பகுதி வெறுமையாக இருக்கும், அதை மடித்து உள்ளே தள்ளிவிடுவோம். பார்க்கிறவன் விரல் நகர்ந்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. கட்டுகிறவளுக்கு உடம்பில் முக்கால்வாசி சுற்றுவது அந்த வெறும் துணிதான் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் அதை எந்த வியாபாரியும் கேட்பதில்லை. அதே கையோடு இந்தப் பையனையும் வெட்டினேன். நாலு டேக்கிளையும் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு முறை வேகமாகவும் ஒரு முறை மெதுவாகவும் ஓட விட்டேன். பின்னால் ஒரு டமடம மியூசிக்.

"எல்லோ கார்டையும் போடுண்ணா," என்றான் மெடிக்கல் ஷாப். "அப்பதான் ஒரு பயம் வரும்."

அதையும் போட்டேன். எங்கள் வாட்ஸப் குரூப்பில் விட்டதும் எழுபது எண்பது பேர் கை தட்டினார்கள். நயினார் புலி என்று ஒருவன் எழுதினான். பையனுக்குக் காட்டாமலேயே கிளப்புக்கு அனுப்பிவிட்டேன். அவன் அந்தக் குரூப்பில் இல்லை. அனுப்பிட்டேன் தம்பி, சூப்பரா வந்திருக்கு என்று மட்டும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அந்தக் கிளப்பின் கோச் எனக்கே போன் செய்தார். நம்பர் என்னுடையதுதானே. மரியாதையாகப் பேசினார்.

"பையன் தைரியசாலிதான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா அந்த இடத்துல ஆடறவன் இவ்ளோ தடவ கீழ விழக் கூடாது. விழறான்னா லேட்டா வர்றான்னு அர்த்தம். எங்க நிக்கணும்னு தெரியல. பால் அவன்கிட்ட இல்லாதப்ப என்ன பண்றான்னுதான் நான் பாப்பேன். அது ஒரு செகண்டுகூட இல்லியே இதுல."

"சார், முழு மேட்ச்சும் எங்கிட்ட இருக்கு சார். இப்பவே அனுப்பறேன்."

"அதை மொதல்லயே அனுப்பிச்சிருக்கலாம் சார். இருபது பேரக் கூப்பிட்டாச்சு. நேத்தே வந்து எறங்கிட்டாங்க. இனிமே முடியாது."

குரூப்பில் சொன்னேன். கோச் சொன்ன காரணத்தைச் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்று மட்டும் எழுதினேன். பையனுக்கும் தகவல் சொன்னேன். சரிங்கண்ணா என்று பதில் வந்தது. மதியம் வழக்கம் போல இரண்டு பேரும் ஏறி வந்தார்கள். ஏ.சி.க்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜரிகைக் கடைக்காரர் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன். பொடென்ஷியல் இல்ல. ரொம்ப முரட்டுத்தனம்பா அந்தப் பையன். பாத்தியா எப்படி வுழறான். மூளைய வச்சி ஆடணும்."

"ஆமாண்ணா," என்றான் மெடிக்கல் ஷாப். "நாலு டேக்கிள்ல ஒரு கார்டு. ஆவரேஜ் ரொம்ப மோசம்."

முட்டை தின்னாத பயந்தாங்கொள்ளி பதினைந்தே நாளில் முரடன் ஆகிவிட்டான். அந்த இரண்டையும் சொன்னது ஒரே வாய். சொன்னவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை, பனியனை உதறிக்கொண்டு வியர்வையை ஆற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து கீழே போய்த் துப்பிவிட்டு வர வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் போகவில்லை. நாம் வெட்டியதுதான் காரணம் என்று அந்த இடத்தில் சொல்லவும் இல்லை. வேறொரு பதினெட்டு வயதுக்காரனைப் பற்றி மெடிக்கல் ஷாப் எண்களைப் படிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் நானும் ஏதோ கருத்துச் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் வந்தான். நல்ல வேளை, கடையில் வேறு யாரும் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வீடியோவ ஒரு தடவ பாக்கலாமாண்ணா? நான் இன்னும் பாக்கல."

போட்டுக் காட்டினேன். மியூசிக் தொடங்கியதும் எனக்கே அவமானமாக இருந்தது, சத்தத்தைக் குறைத்தேன். அவன் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தான். முதல் டேக்கிள், திரும்ப மெதுவாக அதே டேக்கிள். இரண்டாவது. மூன்றாவது. எல்லோ கார்டு வந்து நின்றது. வீடியோ முடிந்த பிறகும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த நாலும் நான் தப்பு பண்ண எடம்ணா," என்றான். கோபமே இல்லை குரலில். "லேட்டா போயிட்டேன். அன்னிக்கு வூட்டுக்குப் போய்க்கூட இதையேதான் நெனச்சிகினு இருந்தேன். மத்ததெல்லாம் எங்கண்ணா?"

மற்றதெல்லாம் அதே கம்ப்யூட்டரில், அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே ஸ்கிரீனில், இரண்டு கிளிக் தள்ளி இருந்தது. முதல் பாதி முழுதும் இருந்தது. திறந்து காட்டியிருக்கலாம். காட்டினால், இருந்தும் ஏன் அனுப்பவில்லை என்று அடுத்த கேள்வி வரும்.

"போன்ல ஃபைல் கெட்டுப் போச்சு தம்பி. மீதி எதுவும் தொறக்கல," என்றேன்.

அவன் அதை நம்பினான். என்னை நம்பாமலிருக்க அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

"பரவால்லங்கண்ணா. வெயில்ல மாடியில நின்னு எடுத்தீங்க. ரொம்ப தேங்க்ஸ்ணா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு வந்து உட்கார்ந்து, யாராவது பார்த்துவிட்டு அவனிடம் சொல்லிவிடப் போகிறார்களே என்று, அந்த முழு மேட்சையும் அழித்தேன்.