பிள்ளையார் கோயிலுக்குப் போன ஹால் டிக்கெட்டுகள்

தொண்ணூற்றெட்டில் ஜெயங்கொண்டம் பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகள் பாஸாக வேண்டுமே என்று, யாரையும் கேட்காமல் எல்லா ஹால் டிக்கெட்டுகளையும் பிள்ளையார் காலடியில் வைத்துப் பூஜை செய்தேன். தெளித்த தீர்த்தத்தில் குங்குமம் கரைந்து ஒரு புகைப்படமே சிவந்துவிட்டது. அது பர்வீனுடையது. மறுநாள் பரீட்சை.

தையல்காரரான அவள் அப்பாவிடம் ஓடினேன்.

"அழாதீங்க டீச்சர். புள்ளைய உள்ள விட்டா போதும். ஆனா எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றார்.

காலையில் தலைமையாசிரியரின் கடிதத்தோடு தேர்வு மையத்துக்கு நானே போனேன். எண் தெளிவாக இருந்ததால் அவளை உள்ளே விட்டார்கள்.

இப்போதும் பரீட்சைக்கு முன் பிள்ளையாரைப் பார்க்கப் போகிறேன், வெறுங்கையோடு. ஹால் டிக்கெட்டுகள் பள்ளிக்கூட பீரோவில் இருக்கின்றன.