பேனா விழுந்த வெடிப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என் பேனா பூமிக்குள் போய்விட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பருத்திக்காட்டை வாங்கி, அதில் மாடியோடு பெரிய கட்டடம் எழுப்ப நினைத்திருந்தார் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையின் முதலாளி ஒருவர். அஸ்திவாரம் தோண்டும் வேலையைப் பார்த்துக்கொள்ள எங்கள் இன்ஜினியர் என்னை அனுப்பினார். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, டேப்பும் நோட்டும் சட்டென்று வரும் கோபமுமாகப் போய் நின்றேன். நோட்டு வைத்திருக்கும் பெண் என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வேலையாட்கள் முதல் நாளே என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்கள். திருத்திப் பார்த்தேன். ஒருவரும் கேட்பதாக இல்லை.

சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டு, அளவை எழுதக் குனிந்தபோது பேனா நழுவியது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது; அதில் ஒரு வெடிப்புக்குள் நேராகப் போய்விட்டது. தங்க நிற மூடி போட்ட பேனா, டிப்ளமோ பாஸானதற்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. கட்டுக்கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினேன். கம்பிதான் தீர்ந்தது. டேப்பின் நுனியை இறக்கினேன். மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று எதிலும் முட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. என் உயரமே ஐந்தடி ஒரு அங்குலம். கோடையில் கரிசல் வெடிக்கும் என்று பிறந்ததிலிருந்து தெரியும். அதில் ஆடு கால் சிக்கி ஒடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னையே நிற்க வைத்து மூடிவிடும் ஆழம் என் காலடியில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அதன் பிறகு அந்தக் காட்டில் பூனை மாதிரிதான் நடந்தேன்.

மொபெட்டில் வந்து இறங்கிய முதலாளி அண்ணாச்சிக்கு ஒரே சிரிப்பு. பூமி பூஜைக்கு உடைத்த தேங்காய் போதாதென்று கரிசல் தனியாகக் காணிக்கை வாங்கிக்கொண்டது என்றார்.

எங்கள் பக்கத்தில் அஸ்திவாரத்துக்குத் தோண்டும் நீளக் குழிக்கு வானம் என்று பெயர். மற்ற மண்ணில் மூன்றடி, நான்கடி வானம் போதும். கரிசலில் அப்படிக் கட்டினால் மழைக்கு மண் உப்பிச் சுவரைத் தூக்கும். கோடைக்குச் சுருங்கி அதே சுவரைக் கீழே விடும். அண்ணாச்சியின் பழைய ஆபீஸ் சுற்றுச்சுவர் அப்படித்தான் பாம்பாக நெளிந்து நின்றது. அதனால் கரிசலை அடியோடு வெட்டி எடுத்து, கீழே சுக்கான்பாறை வெள்ளையாகத் தெரிந்த பிறகு சரளை கொட்டி இறுக்கி, அதற்கு மேல்தான் கான்கிரீட் போட வேண்டும். ஊருக்குள் ஜேசிபி வரத் தொடங்கியிருந்த காலம் அது. பெரிய வெட்டெல்லாம் அதன் வேலை. ஓரம் செதுக்குவது புதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆட்களின் வேலை. ஆண்கள் பிக்காசால் கொத்துவார்கள். பெண்கள் சட்டியில் சுமந்துபோய் மேலே கொட்டுவார்கள்.

வானத்துக்குள் இறங்க எனக்கு அளவெடுப்பது ஒரு சாக்கு. மேலே வெயில் கொளுத்தும். ஐந்தடிக்குக் கீழே மண் சில்லென்று இருக்கும். வெட்டிய சுவரில் கட்டிகளின் முகம் எண்ணெய் தேய்த்ததுபோல மினுங்கும். மண் உப்பியும் சுருங்கியும் தன்மேல் தானே உரசிக்கொண்டதில் வந்த மினுக்கம் அது என்று இன்ஜினியர் சொன்னார். முகம் தெரிகிறதா என்று கிட்டப்போய்ப் பார்த்த பைத்தியம் நான். ஆறடியில் நத்தை ஓடு கிடந்தது, பருத்திக்கொட்டை கிடந்தது, உடைந்த கண்ணாடி வளையல் கிடந்தது. யாரும் புதைத்தவை அல்ல. கோடையில் வாயைத் திறந்து மேலே இருப்பதை வாங்கிக்கொள்வதும், மழையில் வாயை மூடிக்கொள்வதும், உள்ளுக்குள்ளேயே புரண்டு படுப்பதுமாக இந்த மண் இருந்துகொண்டிருக்கிறது. ஏர் வேண்டாம், மாடு வேண்டாம், தன்னைத் தானே உழுதுகொள்கிறது. அதை நினைத்தால் எனக்குக் கும்பிடவும் தோன்றியது, அங்கிருந்து ஓடவும் தோன்றியது.

மண் சுமந்த பெண்களில் ஒருத்திக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். பிறந்த ஊர் இந்தக் காட்டை ஒட்டிய கிராமம். புதூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, புருஷனோடு மண்வேலைக்கு வந்திருந்தாள். மற்றவர்கள் மூன்று சட்டி சுமக்கும் நேரத்தில் இவள் ஒரு சட்டி சுமப்பாள். ஒவ்வொரு கட்டியையும் கையில் எடுத்து, இரண்டாக, நான்காக உடைத்து, விரலால் உதிர்த்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுவாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். என் பொறுமைக்கு ஒரு வாரம் என்பதே அதிகம்.

"ஏட்டி, மண்ண அள்ளச் சொன்னா மண்ணுக்குப் பேன் பாக்குதியா?" என்று ஒருநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டேன்.

"சரி டீச்சர்" என்றாள். அடுத்த கட்டியை எடுத்து உடைத்தாள்.

அதற்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலை டீ முடிந்த நேரத்தில் என் முன்னால் வந்து கையை நீட்டினாள். மண் அப்பிக் கிடந்தாலும் தங்க நிற மூடி என்னைப் பார்த்து மினுங்கியது. என் பேனா. சந்தோஷத்தில் டேப்போடு வானத்துக்குள் இறங்கி, அது கிடந்ததாக அவள் காட்டிய இடத்தை அளந்தேன். ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. இவ்வளவு தூரம் போய்விட்டு வந்த பேனா உள்ளங்கையில் கிறுக்கியதும் எழுதியது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அத நோட்டுல எழுதுவீங்களா டீச்சர்? எத்தன அடியில கெடந்துச்சுன்னு?"

எதற்கு என்று கேட்டேன். குவிந்து கிடந்த மண்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே சொன்னாள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் இதே காட்டில் அவளுடைய தாய் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஆறு வயது. நிலத்துக்காரம்மா தராசைப் பிடித்துப் பருத்தி நிறுத்துக்கொண்டிருந்தபோது காதில் கம்மலின் திருகாணி கழன்றுவிட்டது. இரண்டு கையும் தராசில் இருந்ததால், பக்கத்தில் நின்ற தாயிடம் அதை முடுக்கச் சொன்னார். வெடித்த பருத்திக்காயின் ஓடு கிழித்துக் கிழித்து மரத்துப்போன விரல். கம்மல் நழுவி வெடிப்புக்குள் விழுந்தது. நிலத்துக்காரம்மாவின் கணவர் மண்வெட்டி கொண்டுவரச் சொல்லி இரண்டடி தோண்டிப் பார்த்தார். கம்மல் இல்லை. வெடிப்பு விழுங்கவில்லை, இவள் முந்தானைதான் விழுங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வெடிப்பின் ஆழம் தெரியாதவர்களா அவர்கள்? கோபம் வந்தால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடும், அதுவும் எதிரே நிற்பது கூலிக்காரியாக இருந்தால். அன்றிலிருந்து அந்தத் தாயைப் பருத்தி எடுக்க யாரும் கூப்பிடவில்லை. வீட்டிலிருந்தே தீக்குச்சி அடுக்கிப் பிள்ளைகளை வளர்த்தாள். இந்தக் காட்டில் வானம் தோண்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மகள் புருஷனை நச்சரித்து இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். அவளுக்குப் பொன் வேண்டாம். தாய் மேல் விழுந்த திருட்டுப் பட்டம் போக வேண்டும்.

பேன் பார்க்கிறாயா என்று கேட்ட நான், நோட்டைத் திறந்து அதே பேனாவால் அந்த ஆழத்தை எழுதினேன்.

அன்று சாயங்காலமே பேனாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு நிலத்துக்காரம்மா வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்த பிறகு பயிர் செய்ய ஆளில்லாமல் காட்டை அண்ணாச்சிக்கு விற்றவர் அவர்தான். அறுபது வயது இருக்கும். தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேனா உள்ள போச்சு, சரி. அதுக்காவ கம்மலும் உள்ளதான் போச்சுன்னு ஆயிருமா?"

கோபத்தோடு போன எனக்கே அவர் கேட்டது நியாயமாகப் பட்டது. தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே அவர் காட்டுக்கு வந்தார். அண்ணாச்சியும் அங்கே இருந்தார். நேராக வானத்தின் ஓரத்துக்குப் போய், முன்பு தராசு நின்ற இடம் இது என்று காட்டினார். அங்கே ஒரு வெடிப்பு தரையில் ஓடி, வெட்டிய சுவரில் கீழ்வரைக்கும் கோடாக இறங்கியிருந்தது. நிலத்துக்காரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். சிவப்புக்கல் வைத்த ஒற்றைக் கம்மல். ஜோடி போன பிறகு அதை அழித்து வேறு நகை செய்யவும் இல்லை, போடவும் இல்லை, பதினெட்டு வருடமாக அப்படியே வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெண்ணை வானத்துக்குள் இறங்கி வெடிப்புக்கு நேரே கையை ஏந்தி நிற்கச் சொன்னார்.

"போட்டுப் பாக்குதேன்" என்றார்.

ஒரு கல்லைப் போடலாமே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் விரலைப் பிரித்துவிட்டார். சிவப்பாக ஒரு மினுக்கு. அவ்வளவுதான். கீழே ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது. கம்மல் சுவர் வழியாக வெளியே வரவில்லை. எங்கள் கண்ணெதிரே போயே போய்விட்டது.

நாள் பார்த்து கான்கிரீட்டுக்குத் தேதி குறித்திருந்த அண்ணாச்சி வாட்ச்சைப் பார்த்தார். மொபெட்டில் ஏறப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தேடுங்க" என்றார். "ஒரு பொம்பள மேல பழி கெடக்குத எடத்துல நான் கம்பி கட்ட மாட்டேன்."

ஜேசிபி டிரைவர் அன்றைக்குச் செய்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிய வாளியை வைத்து, அடிப்பிடித்த பாத்திரம் சுரண்டுகிற மாதிரி, விரற்கடை விரற்கடையாக அந்த ஓரத்தை வழித்து வழித்துப் போட்டார். வழித்துப் போட்டதைப் பெண்கள் உட்கார்ந்து உடைத்தார்கள். நானும் நோட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நிலத்துக்காரம்மா சேலையைச் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்து கட்டி உடைத்தார். இரண்டடி போனது, நான்கடி போனது. உச்சி வெயில் தாண்டியபோது சுக்கான்பாறையே தெரிந்துவிட்டது. கம்மல் இல்லை. பக்கத்துப் பிளவில் திரும்பியதோ, மண்ணோடு மண்ணாகச் சட்டியில் போனதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இத்தனை கண்ணும் ஒரு யந்திரமும் சேர்ந்து கேட்டும் இந்த மண் கொடுக்கவில்லை.

நிலத்துக்காரம்மா கறுத்துப்போன இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தன பேரு பாத்துக்கிட்டுதான இருந்தோம்" என்றார். "இப்ப எவ எடுத்தா?"

மடியில் கிடந்த கடைசிக் கட்டியையும் உடைத்துப் போட்டார். "அன்னைக்கு அவிய ரெண்டடிதான் தோண்டுனாவ. நானும் போதும்னு நின்னுட்டேன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து எழுந்து, "ஒங்கம்மா வீட்டுல இருக்காளாட்டி?" என்று கேட்டார். கையைக்கூடக் கழுவாமல் இருவரும் கிராமத்துப் பக்கம் நடந்தார்கள். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சரளை லாரி வருவதற்கு முன்னால் அந்தத் தாய் வந்தாள், நிலத்துக்காரம்மாவும் கூட வந்தார். மெலிந்த உடம்பு, முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. வானத்தின் ஓரத்தில் குந்தி, வெடிப்பின் மீதியில் கையை விட்டாள். முழங்கை போனது, தோள் வரைக்கும் போனது. கன்னம் தரையில் பட அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துட்டு டீச்சர்" என்றாள் எழுந்து. "சேலையில சிக்கி, வழியில எங்கயும் விழுந்திருக்குமோன்னு. பதினெட்டு வருசமா எங்க போனாலும் தரையப் பாத்துக்கிட்டேதான் நடக்கேன்."

அவள் முதுகு ஏன் வளைந்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பார்த்ததைச் சொல்லத் தெரியாமல், நோட்டைத் திறந்து, பேனா கிடந்த ஆழத்தைப் படித்துக் காட்டினேன். சரி டீச்சர் என்று மகளைப் போலவே தலையாட்டினாள்.

சரளை லாரி திரும்பும் சத்தம் கேட்டது. தாயும் நிலத்துக்காரம்மாவும் காட்டைக் கடந்து ஊருக்குக் கிளம்பினார்கள்.

"கீழ பாத்து வாட்டி, வெடிப்பு" என்றார் நிலத்துக்காரம்மா.

அவள் பார்க்கவில்லை.