கோதண்டத்தின் நல்ல கை

பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நரம்பியல் டாக்டர். ஆனால் போன ஐப்பசியில், ராயபுரத்து வார்டில், பட்டப்பகலில் நடந்ததை நான் மட்டும் பார்க்கவில்லை. என் மாணவர்கள் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரரும் பார்த்தார்.

கட்டிலில் கோதண்டம். விசைப்படகில் வலை இழுத்தவன். சில மாதமாக வலது கையும் காலும் விளங்கவில்லை என்றான். இடது கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். திருவொற்றியூர் வீட்டில் அவன் மனைவி முத்தம்மா கழுத்து நெரிபட்டுச் செத்துக் கிடந்தாள். வாதக்காரன் எப்படி நெரிக்க முடியும் என்பது அவன் கேள்வி. நடிக்கிறானா, நிஜமா என்று நான் சொல்ல வேண்டும். நிஜம் என்றால் அன்றே விடுதலை.

ஸ்கேனுக்கு மறுநாள்தான் முறை. அதனால் மேல்படிப்பு மாணவர்களுக்கு அவனையே பாடமாக்கினேன். விழுந்த கையை முகத்துக்கு நேர் மேலே தூக்கி, விட்டுவிட வேண்டும். நடிக்கிறவன் கை முகத்தில் படாமல் ஒதுங்கி விழும். நிஜ வாதம் என்றால் நேராக மூக்கிலேயே விழும். அடிபடாமல் இருக்க நாங்கள் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துக்கொள்வோம்.

தூக்கினேன். விட்டேன்.

பொத்தென்று என் உள்ளங்கையில் விழுந்தது.

நிஜம்தான் என்று அறிவித்தேன். கோதண்டம் சிரித்தான். கான்ஸ்டபிள் டில்லிபாபு விலங்குச் சாவியைத் தேடினார்.

மாணவி மோகனப்ரியா மட்டும் நகரவில்லை. நல்ல பக்கத்தை முதலில் சோதி என்று தினமும் கத்துகிறவன் நான். அன்று நானே அதை விட்டுவிட்டேன். அவள் தன் இரண்டு விரலை அவன் இடது கையில் கொடுத்து இறுக்கச் சொன்னாள். இறுக்கினான். அவள் முகம் சுருங்கியது.

"இந்த ஒரு கையே போதும் சார்," என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. "இன்னாம்மா... பெரிய டாக்டரே சொல்ட்டாரு. நீ இன்னா தனியா?"

அப்போதுதான்... வலது கை எழுந்தது.

யாரும் அதைத் தொடவில்லை. மாட்டிக்கொண்டான் என்றுதான் நினைத்தேன். அவன் கண்ணைப் பார்த்தேன். நடிக்கிறவன் கண் இல்லை அது.

"நான் தூக்கல சார்..."

முகத்துக்கு மேலே நின்றது. விரல்கள் மடங்கின. இறங்கியது.

சடக். மூக்கு.

மறுபடி. பற்கள் தலையணையில் சிதறின. மறுபடி. ரத்தம் என் கோட்டில் தெறித்தது.

பிறகு விரல்கள் விரிந்தன. கழுத்தைக் கவ்வின.

நானும் டில்லிபாபுவும் அந்தக் கையில் தொங்கினோம். மணிக்கட்டு முறிந்தது. பிடி விடவில்லை. விலங்கு போட்ட கை துடித்ததில் கட்டிலே ஆடியது. கிறீச்... கிறீச்...

"வுட்ரு முத்தம்மா... சோறு ஊட்ட குனிஞ்ச... நான்தான் அமுக்கிட்டேன்... வுட்ரு..."

பிய்த்து எடுத்தோம். அந்தக் கையை மெத்தையில் அழுத்தி, அதன்மேல் டில்லிபாபு உட்கார்ந்தார்.

கழுத்தைப் பார்த்தேன்.

இன்னும் அமுங்கிக்கொண்டிருந்தது.

குழி குழியாக... ஆழமாக...

கறக்.

அவ்வளவுதான்.

மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ரெஜினா என்னையும் டில்லிபாபுவையும் கூப்பிட்டார். மூளையில் வலது கையை அசைக்கிற இடம் என்றைக்கோ செத்துவிட்டதாம். அந்தக் கையால் ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாது என்றார். கழுத்துத் தடத்தைக் காட்டினார். சின்ன விரல்கள். கட்டைவிரல் தடம் அவன் கழுத்தின் இடப்பக்கம். மற்ற நான்கும் வலப்பக்கம்.

"எதிரே நின்ற யாரோ இடது கையால் நெரிச்சிருக்காங்க," என்றார்.

டில்லிபாபு தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"காசிமேட்டுல அந்த முத்தம்மா மீன் வெட்றத பாத்துகீறேன் சார்," என்றார். "பீச்சாங்கைலதான் கத்தி புடிக்கும்."