தம்பியின் இடது கையும் துரையின் காரும்

என் தம்பி சகாதேவன் போன பிறகு தெருமுனையில் ஒட்டிய போஸ்டரில், அவன் பேருக்கு முன்னால் 'டிரைவர்' என்று போட்டிருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். எனக்கு எழுத்து தெரியாது. அந்த ஒரு வார்த்தை எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். துக்கத்துக்கு வந்தவர்கள் சிலர், இடது கை விளங்காத மனுஷன் எப்படி கார் ஓட்டினான் என்று கேட்டார்கள். மலையைச் சுற்றி வேண்டிக்கொண்டதில் கை சரியாகிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கை கடைசிவரை சரியாகவே இல்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். நடந்தது அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

கீழ்பென்னாத்தூரில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஏர் பிடித்தபோது, இவன் மட்டும் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்ற வரும் லாரிகளின் பின்னால் ஓடினான். கிளீனராகப் போய், டிரைவராகத் திரும்பி வந்தான். லாரி ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வழியாகப் போனால் ஆரன் அடிக்கமாட்டான். கையை வெளியே நீட்டி லாரிக் கதவில் ஒரு தட்டுத் தட்டுவான், அந்தத் தகரச் சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். எமர்ஜென்சி வந்த வருஷம் செங்கம் ரோட்டில் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, இடது முழங்கை வண்டிக்கடியில் மாட்டியது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் கையை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு சொம்பு தண்ணீரைக்கூட அந்தக் கையால் தூக்க முடியாது. எங்கே வைக்கிறோமோ அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

நம் வண்டிகளில் கியர் போடுவது இடது கை வேலை. அதனால் அவனுக்கு லாரியும் போயிற்று, காரும் போயிற்று. என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நான் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் எருமைகளைக் கழுவினான், புல் சுமந்தான். ரோட்டில் லாரி போனால் தலையைத் திருப்பிக்கொள்வான்.

எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷமோ என்னவோ, ஒரு வயதான துரை தன் ஊரிலிருந்து தரைவழியாகவே பெரிய நீளக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து, எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியேறினார். தெருவே கூடிப் பார்த்தது. அந்தக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. துரைக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வண்டியைக் கழுவ ஆள் கேட்டார், தம்பியை அனுப்பினேன். ஒருநாள் வண்டியை நிழலுக்கு நகர்த்தச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். தம்பி உட்கார்ந்து, செத்த கையைத் தூக்கி ஸ்டியரிங்மேல் வைத்தான். வண்டி உறுமியது. அந்த வெறும் கையின் கனத்துக்கே சக்கரம் திரும்பியது. கியர் வலது கைப்பக்கம் இருந்தது.

அன்று இறங்கி வந்தவனுக்கு வாய் குழறியது. "அக்கா, என் கைய பாத்து அளவெடுத்து செஞ்சா மாதிரி இருக்குது இந்த வண்டி" என்றான்.

இஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்புமாம், அவன்தான் விளக்கினான். நாம் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டால் போதும், அந்த எண்ணெய் உள்ளே புகுந்து ஒரு கம்பியைத் தள்ளி, சக்கரத்தைத் திருப்பிவிடுமாம். நான் விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயைப் பார்த்தவள், தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைப் பார்த்தவள். ஒரு மனுஷனின் கையைவிட்டுப் போன பலத்தை எண்ணெய் திருப்பிக் கொடுக்கும் என்று யார் சொன்னாலும் அதற்கு முன் நம்பியிருக்கமாட்டேன். அன்றிலிருந்து அவன் துரையின் டிரைவர். மறுபடியும் என் வீட்டைக் கடக்கும்போது கார்க் கதவைத் தட்டிக்கொண்டு போனான், இந்தத் தடவை வலது கையால், உள்பக்கமாக.

எண்பதாம் வருஷம் மழை முடிந்து, கார்த்திகை தீபமும் முடிந்த சமயம். விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனால், கார் நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கும். கோலம் போட்டால் மாவு அதில் ஊறிக் கறுத்துப்போகும். முதலில் திட்டிக்கொண்டே சாணி போட்டுத் தேய்த்தேன். பிறகு சொட்டு ஜாஸ்தியாயிற்று. வண்டி திரும்பும்போது, கன்று செத்த எருமை மாதிரி ஒரு முனகல் வந்தது. தம்பி எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தான், அது வழிந்துகொண்டே இருந்தது. கடைசியில் தேரடிப் பக்கம் திரும்பும்போது ஸ்டியரிங் கல்லாய் இறுகிக்கொண்டது. கை வழுக்கி மடியில் விழுந்துவிட்டது. வண்டி ஒரு பூசணிக்காய்க் குவியலுக்குள் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் தம்பி சாவியைத் துரையின் கையில் கொடுத்துவிட்டு வந்து எருமைக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டான்.

விஷயம் இதுதான். எண்ணெய் இல்லாவிட்டாலும் அந்த வண்டியை ஓட்டலாம், ரெண்டு கையும் திடமாக இருந்தால். பொங்கல் கழித்துத் துரை கன்னியாகுமரி போக நினைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டும் சுப்பிரமணி, தான் வருவதாக அவரிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் தோள் இரண்டும் உரல் மாதிரி இருக்கும். ஸ்டியரிங் சரியாகாவிட்டால் தம்பி டிரைவராக இருப்பது அதோடு முடிந்தது. அவனுக்கு இன்னொரு வண்டி இந்த நாட்டிலேயே கிடையாது.

நான் துரையிடம் போய், பொங்கல்வரை பொறுக்கவேண்டும், அதற்குள் ஆளை மாற்றினால் பால் கிடையாது என்று கையை ஆட்டிச் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பால் சொம்பை இறுகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

மக்பூல் பாய் செங்கம் ரோட்டில் லாரி பட்டறை வைத்திருந்தார். தம்பிக்குக் கிளீனர் காலத்துச் சிநேகம். வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். பாய் அடியில் படுத்து, ஒரு நீளக் குழாயைக் கழற்றி வெளியே எடுத்தார். அதற்குள் ஒரு கம்பி. கம்பியின் ஒரு பாதியில் ரம்பம் மாதிரிப் பல். குழாயின் முனையை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, மழைச்சேறு புகுந்து, கம்பி துருப்பிடித்திருந்தது. அந்தத் துரு, எண்ணெயை அடைத்து நிற்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டது. ஒரு வளையல் அகலம்கூட இல்லாத ரப்பர். அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய உதடு. எண்ணெய் அழுத்த அழுத்த அந்த உதடு கம்பியோடு ஒட்டிக்கொள்ளுமாம். இத்தனை பெரிய வண்டியைத் திருப்பும் பலத்தை அந்த உதடுதான் மூடிவைத்திருக்கிறது. நான் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மெட்ராசில் கேட்டாயிற்று, கிடைக்கவில்லை. பாய் கம்பியை மழமழவென்று தேய்த்தெடுத்து, லாரி பிரேக்குக்குப் போடும் ரப்பரைச் செதுக்கி மாட்டினார். சில நாள் நன்றாக இருந்தது. பிறகு அது எண்ணெயில் ஊறி அல்வாவாகிவிட்டது. பிரித்துப் பார்த்து பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பட்டறைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அவர் சம்சாரம் பீபி ஜான், அடிபம்புக்கும் கிணற்று பம்புக்கும் தோல் வாஷர் வெட்டுகிறவள். அவளுடைய அப்பா வீட்டுத் தொழில் அது. ஊர் பம்புகள் பாதி அவள் வெட்டிய தோலில்தான் தண்ணீர் இறைத்தன. கதவோரம் நின்று எட்டிப் பார்த்தவள் என்னிடம் சொன்னாள்: "லாரி லாரியா பிரிச்சிப் போட்டவரு, ஒரு விரக்கடை ரப்பருக்கு ஒக்காந்துட்டாரு பாருங்க்கா. வாயிருந்தா நம்மள கேக்கமாட்டாரா?"

பாய் தலைநிமிராமலே, "ரப்பருக்கு பதிலு தோலா? இது என்ன அடிபம்பா?" என்றார்.

"அடிபம்புலயும் தள்றதுதான, இதுலயும் தள்றதுதான?" என்றாள் அவள்.

எருமைத்தோலை வெந்நீரில் ஊறவைத்து, மர அச்சில் அழுத்தி, கிண்ணம்போல் உதடு மடித்து, காயவைத்து, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டாள். பாய் அதை மாட்டினார். இஞ்சினைப் போட்டதும் ஸ்டியரிங் திரும்பியது. கீழே பார்த்தால் சொட்டு. முன்னைவிடக் கம்மி, ஆனால் சொட்டு. போகப்போக ஊறி அடைத்துக்கொள்ளும் என்று பீபி ஜான் திடமாகச் சொன்னாள். பம்பில் அப்படித்தான் ஆகும். நாங்களும் நம்பிக் காத்திருந்தோம். போகி வந்தது. சொட்டு நிற்கவில்லை. சுப்பிரமணி வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் வைத்தியம் முடியலயா?" என்று சிரித்துவிட்டுப் போனான். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான்.

பீபி ஜான் கழற்றிய வாஷரை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். திடீரென்று என் முழங்கையைப் பிடித்தாள்.

"தப்பு என்துதாங்க்கா. பம்புக்கு வெட்டறா மாதிரியே வெட்டிட்டேன். தண்ணி குடிச்சா தோலு ஊதும்னு எப்பவும் ஒரு நூல் கம்மியா வெட்டுவோம். கை அப்படியே பழகிப்போச்சு. இது குடிக்கிறது எண்ணெ. எண்ணெ குடிச்ச தோலு மெத்துனு ஆவும், ஊதுமா?"

அவள் அப்பா வெட்டியதும் அப்படி, தாத்தா வெட்டியதும் அப்படி. அத்தனை பேரின் கைப்பழக்கத்தையும் மீறி, அன்று முதல்முறையாக அந்த ஒரு நூலை விட்டுவைக்காமல் இறுக்கமாக வெட்டினாள். கத்தி தயங்கித் தயங்கிப் போவதை நான் பார்த்தேன்.

ஆனால் இப்போது வேறு சிக்கல். வாஷர் இறுக்கம். கம்பியின் பல்லைத் தாண்டித்தான் அதை உள்ளே ஏற்றவேண்டும். பல் பட்டால் அந்த உதடு அறுந்துபோகும். பாய் காகிதம் சுற்றிப் பார்த்தார், கிழிந்தது. மெல்லிசாக, வழுக்கலாக, கிழியாததாக ஏதாவது வேண்டும் என்றார்.

தம்பி வீட்டுக்குப் போனான். திரும்பி வரும்போது அவன் கையில் வேலூர் ஆஸ்பத்திரி உறை. நொறுங்கிய முழங்கையைப் பிடித்த எக்ஸ்ரே படம். இத்தனை வருஷம் பெட்டிக்கடியில் வைத்திருந்தான். பாய் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாக உடைந்த எலும்பு. "இத வெட்டவா சகா?" என்று கேட்டார்.

"வெட்டுங்க பாய். அத வச்சிக்கினு நான் என்ன பண்ணப்போறேன்" என்றான்.

படத்தைக் கத்தரித்து, பல்லின்மேல் சுருட்டி, எண்ணெய் தடவினார். தோல் வாஷர் அந்த உடைந்த எலும்பின்மேல் வழுக்கிக்கொண்டு, ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு படத்தை உருவி வெளியே எடுத்தார். பீபி ஜான் வாய்க்குள் ஏதோ ஓதினாள். நான் மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். தம்பி மட்டும் அந்தக் குழாயைப் பார்த்தபடியே இருந்தான்.

மாட்டி முடித்து, எண்ணெய் ஊற்றி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பித் திருப்பி உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினார்கள். முனகல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வண்டியைக் கொண்டுவந்து வழக்கமான இடத்தில் நிறுத்தச் சொன்னேன். பொங்கலன்று விடியற்காலை, வண்டியை நகர்த்தச் சொல்லாமலே, நான் குனிந்து அதன் அடியில் அரிசிமாவை வெள்ளையாக இறைத்துவைத்தேன். கோலம் இல்லை, வெறும் மாவு. பொங்கல் பொங்கி, படைத்து, சாப்பிட்டு முடித்தோம். பொழுது சாய்ந்தபோது துரை மாடியிலிருந்து இறங்கிவந்தார். சுப்பிரமணியும் வந்திருந்தான். எல்லாரும் குனிந்து பார்த்தோம்.

மாவு போட்டபடியே வெள்ளையாகக் கிடந்தது.

துரை சாவியை எடுத்து இரண்டு பேரையும் பார்த்தார். எங்கள் தெரு குறுகல். அந்த நீள வண்டியை அங்கே திருப்புவது என்பது ரெண்டு கை இருப்பவனுக்கே கஷ்டம். தம்பி சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். இடது கையை வலது கையால் தூக்கி ஸ்டியரிங்மேல் வைத்தான். வைத்த கை அங்கேயே இருந்தது. வண்டி முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போயிற்று, சுவரைத் தொடாமல் முழுசாகத் திரும்பியது. சத்தம் இல்லை. முன்சக்கரங்கள் மட்டும் என் மாவின்மேல் திரும்பி, வெள்ளையாய் ரெண்டு வளைவு போட்டுவிட்டுப் போயின.

சுப்பிரமணி குனிந்து அந்த வளைவுகளைப் பார்த்தான். "இந்த எடத்துல என்னாலயே ஆவாது" என்றான், துரையிடம் இல்லை, என்னிடம்.

தம்பி என் வாசலைக் கடக்கும்போது கார்க் கதவைத் தட்டினான். அதற்குள் துரை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்.