நரிவெங்காயம் முளைத்த மேடு

அஞ்சம்மாளுக்கு முழங்கால் போய்விட்டது. ஆனாலும் ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் படிகளை மேலிருந்து கீழ்வரை கூட்டித் துடைப்பது அவள்தான். லிஃப்ட் உண்டு. வேலைக்காரர்கள் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கிழித்துப் போட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், கிழித்தபாடில்லை.

அவள் புருஷன் சவுரிமுத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் சிமெண்ட் மூட்டை தூக்கியவர். ஒருநாள் மூட்டையோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் கோவில் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். சிமெண்ட் தூக்கிச் செத்தவருக்குச் சிமெண்டில் கல்லறை கட்ட வழியில்லை. நட்ட மரச்சிலுவையையும் கரையான் தின்றுவிட்டது.

ஆனால் குழி வெட்டிய துரை ஒரு காரியம் செய்திருந்தார். மண்ணோடு கிளம்பி வந்த நரிவெங்காயக் கிழங்கு ஒன்றை மேட்டின் மேலேயே வைத்து அமுக்கிவிட்டார். அடுத்த மழைக்கு அது முளைத்தது. அஞ்சம்மாளுக்கு அதுதான் அடையாளம்.

நரிவெங்காயம் காட்டில் தானாக வளர்வது. பார்த்தால் வெங்காயம், வாயில் வைத்தால் விஷம். ஆடுகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெயில் காலத்தில் இலையே இல்லாமல் ஒற்றைத் தண்டு நீட்டிப் பூக்கும். மழை விழுந்தால்தான் இலை விடும். முன்பெல்லாம் தாம்பரத்திலிருந்து இந்தப் பக்கம் கல்லும் செம்மண்ணுமாய்க் கிடந்த கரடுகளில் இருந்தது, கோவளத்து மணலிலும் இருந்தது. இப்போது கரடு முழுக்க ஃபிளாட். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் யாரும் ஃபிளாட் கட்டவில்லை, அதனால் அது அங்கே பிழைத்துக் கிடக்கிறது.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் வேலை முடித்து, சாயங்காலம்தான் அவளால் வர முடியும். அதற்குள் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் புல் பூண்டு எல்லாவற்றையும் செதுக்கி மொட்டையடித்திருப்பார்கள். துரை சொல்லிவைத்து, ஒரே ஒரு நரிவெங்காயம் மட்டும் நிற்கும். அவள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி, கொஞ்சம் அழுதுவிட்டுப் போவாள்.

இந்த வருஷம் கல்லறையில் இடமில்லை. அடையாளம் இல்லாத பழைய குழிகளைத் தோண்டி, புதிதாக வருபவர்களைப் புதைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. தங்கள் வீட்டாரின் குழி எது என்று தெரிந்தவர்கள், சுத்தம் செய்வதற்கு முன்பே பெயர்த்தகடு நட்டுவிட வேண்டும். கமிட்டியில் நானும் இருக்கிறேன். பூசை முடிந்து அந்த அறிவிப்பைப் படித்ததும் நான்தான்.

மறுநாள் அஞ்சம்மாள் படியில் துடைப்பத்தோடு நின்றாள். "டீச்சர், அவரத் தோண்டிடுவாங்களா?"

"உனக்குத்தான் இடம் தெரியுமே."

"தெரியாம இன்னா? நரிவெங்காயம் கீதே."

தகட்டில் 'சவுரிமுத்து' என்று நானே பெயிண்டில் எழுதினேன். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் போனோம். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. கேட்டைத் தாண்டியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சரிவு முழுக்க நரிவெங்காயம். மேட்டுக்கு மேடு, மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில், சுவரோரம், எங்கே பார்த்தாலும் அதே பச்சை இலை.

"இத்தினியும் யாரு டீச்சர் நட்டது?"

யாரும் நடவில்லை. எப்போதும் இருந்ததுதான். செதுக்கிய பிறகே வந்ததால் அவள் பார்த்ததில்லை. துரை விட்டுவைத்தது வருஷா வருஷம் அதே செடியா, இல்லை கைக்குக் கிடைத்த ஏதோ ஒன்றா? கேட்கலாம் என்றால் துரை ஆடி மாசமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் காலை இழுத்து இழுத்து வரிசை வரிசையாய் நடந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், வந்த வழியே திரும்பினாள். கமிட்டிக்காக நின்றிருந்த பென்னி வாட்ச்சைப் பார்த்தான். "அக்கா, சீக்கிரம் சொல்லுங்க, மழை வருது."

"நனைஞ்சா கரைஞ்சிட மாட்ட, சும்மா இருடா!" என்று கத்தினேன். உண்மையில் எனக்கும் அலுத்துவிட்டது. ஏதோ ஒன்றில் நட்டுவிட்டு வந்தால் என்ன என்றிருந்தது. அதைச் சொல்லியும்விட்டேன்.

"வேற ஆளு மேல அவர் பேரு வெச்சா, அவரத் தோண்டிடுவாங்களே டீச்சர்."

நான் படித்த அறிவிப்பில் அதற்குப் பதில் இல்லை.

ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. மழை மறுபடி தூறத் தொடங்கிய பிறகு, கையை ஊன்றி எழுந்து, பக்கத்திலிருந்த மேட்டில் தகட்டைக் குத்தி, கல்லால் நாலு தட்டு தட்டினாள்.

"இதுதானாக்கா?" என்றான் பென்னி.

"தெரில தம்பி."

பிறகு மேட்டிலிருந்த மண்கட்டியைக் கையால் உதிர்த்துக்கொண்டே, உள்ளே இருப்பவரிடம் சொன்னாள்: "நீ யாரு பெத்த புள்ளையோ. அவரு பேருல இரு. உன்னையாவது தோண்டாம வுடட்டும்."